மாதா படமும் மகள்களும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே, வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. பாட்டி தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்திலேயே வாங்கிய படம். தோட்டத்தை விட்டு வந்தபின் மூன்று வீடுகள் மாறிவிட்டோம். மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் மாறின. படம் மட்டும் மாறவில்லை. மாலைதோறும் அதன்முன் மெழுகுவத்தி ஏற்றிச் செபமாலை சொல்லி வளர்ந்தவள் நான்.

ஆறாம் படிவம் முடித்து எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றும் அந்தப் படத்தின் கீழேதான் குடும்பம் கூடியது. வீட்டிலிருந்து பேருந்தில் ஏழு மணி நேரப் பயணம். அதைவிடத் தொலைவான இடத்திற்கு அண்ணன் படிக்கப் போனபோது யாரும் கூடிப் பேசவில்லை. எனக்கு மட்டும், “பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?” என்ற பேச்சு எழுந்தது. நான் குரலை உயர்த்தியதும் பாட்டி படத்தைக் காட்டினார். “மாதா என்னைக்காவது எதிர்த்துப் பேசியிருக்காங்களா பாப்பா? எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே வச்சிக்கிட்டாங்க” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து அப்பா சம்மதித்தார். நானும் வந்து சேர்ந்தேன். பாட்டியின் கேள்வியும் என்னோடு விடுதிவரை வந்து சேர்ந்தது.

இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடம் ஒன்றுக்காகச் சாண்ட்ரா சிஸ்னெரோஸ் எழுதிய ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’ என்னும் சிறிய ஆங்கில நாவலைப் படிக்க நேர்ந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகளும் பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்ற எனக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வளரும் மெக்சிகோ வம்சாவளிச் சிறுமி ஒருத்தியின் கதை அது. அந்த வீடுகளிலும் ஒரு மாதா படம் உண்டு. அந்தப் படத்தைக் காட்டிப் பெண்பிள்ளைகளை அடக்குவதும் உண்டு என்பதை அந்நாவலைத் தொடர்ந்து தேடிப் படித்த நூல்களின்வழி அறிந்தேன். அவ்வீடுகளில் படமும் பெண்ணும் எவ்வாறு பிணைந்திருக்கின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லை நகர்ந்த மக்கள்

இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அமெரிக்காவில் வாழும் மக்களையும் அவர்கள் வழித்தோன்றல்களையும் ‘லத்தினோ’ என்று அழைப்பர். கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, எல் சல்வடோர் எனப் பல மண்ணின் மக்கள் இதில் அடங்குவர். அனைவரையும் ஒரே சிமிழுக்குள் அடைக்க இயலாது. எனவே, எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவினரான மெக்சிகோ வம்சாவளியினரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இவர்கள் அனைவரும் குடியேறிகள் அல்லர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரின் முடிவில், 1848-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி, இன்றைய கலிபோர்னியா உள்ளிட்ட பரந்த நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்குப் போனது. அங்கு வாழ்ந்தோர் வீட்டை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. எல்லைதான் அவர்களைத் தாண்டி நகர்ந்தது. பின்னாளில் தோட்டங்களிலும் இருப்புப்பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி மேலும் பலர் வந்து சேர்ந்தனர். அந்த உடன்படிக்கையின் பெயர் ‘குவாதலூப்பே இதால்கோ’. மெக்சிகோ நகரை ஒட்டிய குவாதலூப்பே அன்னையின் திருத்தல ஊரில் கையெழுத்தானதால் அப்பெயர் பெற்றது. நாட்டின் பாதி பறிபோன பத்திரத்திலும் மாதாவின் பெயரே இருக்கிறது என்றால், அம்மக்களின் வாழ்வில் அவருக்குள்ள இடத்தை நாம் ஓரளவு உணரலாம்.

தெப்பெயாக் குன்றில்

1521-இல் ஆஸ்டெக்குகளின் தலைநகரை ஸ்பானியர்கள் வீழ்த்தினர். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1531 டிசம்பரில் நடந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சி இது.

ஹுவான் தியேகோ என்பவர் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நாவா இனத்தவர். அவர் தெப்பெயாக் குன்றின் வழியாகப் போகும்போது ஒரு பெண் குரல் அவரைப் பெயர் சொல்லி அழைத்தது. குரல் பேசியது ஸ்பானிய மொழியை அன்று; அவருடைய தாய்மொழியான நாவாட்டில் மொழியை. தன்னைக் கன்னி மரியாள் என்று அறிவித்த அப்பெண், அக்குன்றில் தனக்கு ஓர் இல்லம் எழுப்ப வேண்டும் என்றும் ஆயரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். ஆயர் சுமார்ராகா நம்பவில்லை. ஹுவான் தியேகோ, தாம் எளியவர் என்றும் மதிப்புள்ள வேறொருவரை அனுப்பும்படியும் மன்றாடினார். அப்பெண் மறுத்து, அவரையே மீண்டும் அனுப்பினார். ஆயர் அடையாளம் கேட்டார். நோயுற்ற மாமனைக் கவனிக்கும் அவசரத்தில் ஹுவான் தியேகோ வேறு வழியாகச் சுற்றிப்போக முயன்றபோது, அப்பெண்ணே இறங்கி வந்து அவரை மறித்தார். மாமன் நலமாவார் என்று தேற்றி, குளிர்காலத்தில் குன்றின் உச்சியில் பூத்திருந்த மலர்களைப் பறித்துவரச் சொன்னார். ஆயர் முன்னிலையில் ஹுவான் தியேகோ தம் மேலாடையை விரித்தபோது மலர்கள் உதிர்ந்தன. ஆடையில் அன்னையின் உருவம் பதிந்திருந்தது.

இக்கதை நாவாட்டில் மொழியில் 1649-இல் அச்சேறியது. நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கும் அச்சுக்கும் இடையே உள்ள நீண்ட இடைவெளியைக் காட்டி ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உளர். கத்தோலிக்கத் திருச்சபையோ ஹுவான் தியேகோவை 2002-இல் புனிதராக உயர்த்தியது. இன்னொரு செய்தியும் உண்டு. தெப்பெயாக்கில் முன்பு ஆஸ்டெக் மக்களின் பெண் தெய்வ வழிபாடு நடந்தது. ‘எங்கள் தாய்’ எனப் பொருள்படும் ‘தொனான்ட்சின்’ என்ற பெயராலேயே மக்கள் மாதாவையும் அழைப்பதாகப் பதினாறாம் நூற்றாண்டிலேயே சகாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி குறைபட்டு எழுதினார்.

படத்தில் இருப்பது மாநிறப் பெண். நட்சத்திரங்கள் பதித்த நீலப்பச்சைப் போர்வை, காலடியில் பிறை, பின்னே கதிர்கள், கூப்பிய கைகள். தலை சற்றே சாய்ந்திருக்கிறது, கண்கள் கீழே நோக்குகின்றன, வாய் மூடியிருக்கிறது. கதையை ஒருமுறை படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வியப்பே ஏற்பட்டது. கதையில் வரும் பெண் பேசுகிறார், கேட்கிறார், மறுக்கிறார், வழி மறிக்கிறார். ஓர் ஆயரின் முடிவையே மாற்றுகிறார். படத்திலோ அமைதி மட்டுமே எஞ்சியிருக்கிறது. வீடுகளுக்குள் போனது பெரும்பாலும் அந்த அமைதிதான்.

வீட்டுக்குள் மாதா

மெக்சிகோ வம்சாவளி வீடுகள் பலவற்றில் ஒரு சிறு பீடம் இருக்கும். குவாதலூப்பே அன்னை, இயேசுவின் திரு இருதயம், குடும்பத்தினர் விரும்பும் புனிதர்கள், இறந்துபோன தாத்தா பாட்டியின் நிழற்படங்கள், உயரமான கண்ணாடிக் குவளைக்குள் எரியும் மெழுகு, பூக்கள் எனப் பீடம் நிறைந்திருக்கும். பிள்ளைகள் வெளியூர் கிளம்பும்போது தாய் அவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஆசி தருவார். டிசம்பர் 12 அன்னையின் திருநாள். நள்ளிரவிலோ விடியலிலோ கோயிலில் கூடி, பிறந்தநாளுக்குப் பாடும் பாட்டை அன்னைக்குப் பாடுவர். குவாதலூப்பே என்ற பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ‘லூப்பே’, ‘லூப்பித்தா’ என்பன செல்லப் பெயர்கள். திருமணம் தள்ளிப்போகும் பெண்கள் புனித அந்தோணியாரின் சுரூபத்தைத் தலைகீழாக நிறுத்தி வைத்து, மாப்பிள்ளை கிடைத்த பிறகே நிமிர்த்துவார்களாம்!

பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறையும்போது நடக்கும் ‘கின்சியான்யேரா’ விழா குறிப்பிடத்தக்க ஒன்று. முதலில் கோயிலில் நன்றித் திருப்பலி. இறுதியில் அப்பெண் மாதா பீடத்தின்முன் மலர்க்கொத்தை வைத்து வேண்டிக்கொள்வாள். பின்னர் மண்டபத்தில் விருந்து. பல குடும்பங்களில் தந்தை மகளின் தட்டைக் காலணியைக் கழற்றி, குதிகால் உயர்ந்த காலணியை அணிவிப்பார். கடைசிப் பொம்மை என்று ஒன்றைக் கொடுப்பதும் உண்டு. பிறகு தந்தையும் மகளும் ஆடுவர். மகளுக்கு அது மகிழ்ச்சியான நாள் என்பதில் ஐயமில்லை. எனினும், ஆண்பிள்ளைக்கு இத்தகைய விழா வழக்கத்தில் இல்லை. சிறுமி ‘பெண்’ ஆகிவிட்டாள் என்பதை ஊரறியச் சொல்லும் நாள் அது. அவளுடைய நடத்தை குடும்ப மானத்தின் அளவுகோலாக மாறும் நாளும் அதுவே.

இரட்டை அளவுகோல்

ஆண் என்றால் அதிகாரம் செலுத்துபவன், அஞ்சாதவன், குடும்பத்தை ஆள்பவன் என்ற மனப்போக்கை ஸ்பானிய மொழியில் ‘மச்சிஸ்மோ’ என்பர். அதன் மறுபக்கமாக எவலின் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1973-இல் ‘மரியானிஸ்மோ’ என்ற கருத்தை முன்வைத்தார். கன்னி மரியாளைப் போலப் பெண்ணும் தூய்மையும் பொறுமையும் தியாகமும் உடையவள். ஆன்மிக வலிமையில் ஆணைவிட உயர்ந்தவள். ஆகவே ஆணின் தவறுகளைப் பொறுத்துக்கொள்பவள் என்ற எதிர்பார்ப்பையே அவர் அப்பெயரால் சுட்டினார். புகழ்ந்தே பெண்ணைக் கட்டிப்போடும் உத்தி இது எனலாம். “நீ மாதா மாதிரி” என்ற பாராட்டைப் பெற்றவள் அதன்பின் எப்படிக் கோபப்படுவாள்?

இக்கருத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க இயலாது. ஒரு கண்டத்துப் பெண்கள் அனைவரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது என்று மரிசா நவாரோ என்ற வரலாற்றாசிரியர் 2002-இல் இதைக் கடுமையாக மறுத்து எழுதினார். அவருடைய மறுப்பு நியாயமானதே. பெண்ணடிமைத்தனம் படத்திலிருந்து மட்டும் இறங்கி வந்ததன்று; சட்டத்திலும் எழுதப்பட்டிருந்தது. மெக்சிகோவின் 1928-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின்படி வீட்டு நிர்வாகம் மனைவியின் பொறுப்பு. அதற்கு ஊறு நேரும் என்று கருதினால் அவள் வெளியே வேலைக்குப் போவதைக் கணவன் தடுக்கலாம். நாடளாவிய தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1953-இல்தான். ஆணும் பெண்ணும் சட்டத்தின்முன் சமம் என்ற வரி அரசியலமைப்பில் சேர்ந்தது 1974-இல். அந்த நாட்டில் 2024 அக்டோபரில் கிளாவுடியா ஷேன்பவும் முதல் பெண் அதிபராகப் பதவியேற்றார்.

ஆகவே, ஆணாதிக்கத்தைப் படம் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஆணாதிக்கம் தனக்குச் சாட்சியாகப் படத்தைக் கூப்பிட்டுக்கொண்டது என்பதே பொருந்தும்.

மூன்று தாய்மார்

மெக்சிகோ வம்சாவளிப் பெண்பிள்ளைகள் ஒரு தாயை அன்று, மூன்று தாய்மாரைக் கேட்டு வளர்கின்றனர். முதல்வர் குவாதலூப்பே.

இரண்டாமவள் மலின்ச்சே. 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தேசுக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட இருபது பெண்களுள் ஒருத்தி. நாவாட்டில், மாயா ஆகிய இரு மொழிகளும் அறிந்தவள். பின்னர் ஸ்பானிய மொழியும் கற்றாள். கோர்த்தேசின் மொழிபெயர்ப்பாளரானாள், அவருக்கு ஒரு மகனையும் பெற்றாள். பின்வந்தோர் அவளை இனத்துரோகி என்று தூற்றினர். அயலாரைப் போற்றித் தன்னவரை இகழ்பவரை இன்றும் ‘மலின்ச்சிஸ்தா’ என்று ஏசுவது வழக்கம். பண்டமாகக் கைமாற்றப்பட்ட ஒருத்திக்குத் துரோகம் செய்யும் சுதந்திரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நெடுங்காலம் யாரும் எழுப்பவில்லை. மெக்சிகோவின் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஓக்தாவியோ பாஸ், 1950-இல் வெளிவந்த தம் கட்டுரை நூலில் குவாதலூப்பேயைக் கன்னித் தாயாகவும் மலின்ச்சேயைக் கெடுக்கப்பட்ட தாயாகவும் எதிரெதிரே நிறுத்தினார்.

மூன்றாமவள் லா யோரோனா, அதாவது அழுகின்றவள். கணவனோ காதலனோ கைவிட்டதால் தன் பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, இரவெல்லாம் அழுதபடி நீர்நிலைகளில் அலைபவள். இருட்டிய பிறகு வெளியே போகாதே என்று பிள்ளைகளை மிரட்ட உதவும் கதை இது.

பேசாத தாய் போற்றப்படுகிறாள்; வாயால் பிழைத்தவள் துரோகியாகிறாள்; வாய்விட்டு அழுபவள் பேயாகிறாள். மூவரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால், பெண்ணின் குரலைப் பற்றிய அச்சமே இக்கதைகளின் ஊடுசரடாக இருப்பது விளங்கும். டெக்சஸ் மாநிலத்தில் பிறந்த கவிஞர் குளோரியா அன்சால்டுவா (1942–2004) தம் ‘பார்டர்லாண்ட்ஸ்’ (1987) நூலில் இம்மூன்று தாய்மாரையும் ஆராய்கிறார். மூவருடைய உண்மை உருவமும் மறைக்கப்பட்டுவிட்டது என்பதும் ஒருத்தியை அடக்கத்திற்கும் ஒருத்தியை வெட்கத்திற்கும் ஒருத்தியை ஓயாத துன்பத்திற்கும் பயன்படுத்திக்கொண்டனர் என்பதும் அவருடைய வாதம்.

சன்னலோரப் பெண்கள்

இனி சிஸ்னெரோசின் நாவலுக்கு வருவோம். கதை சொல்லும் சிறுமியின் பெயர் எஸ்பெரான்சா. ‘நம்பிக்கை’ என்று பொருள். அது அவளுடைய கொள்ளுப்பாட்டிக்கு இருந்த பெயர். அடங்காத பெண்ணாக இருந்த அவரைத் தலையில் சாக்கைப் போட்டுத் தூக்கிவந்து மணந்தார் கொள்ளுத்தாத்தா. அதன்பின் அவர் வாழ்நாளெல்லாம் சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்தபடியே இருந்துவிட்டார். எஸ்பெரான்சாவுக்குப் பெயர் வேண்டும். அந்தச் சன்னலோர இடம் வேண்டா.

அந்தத் தெருவில் இன்னும் பல சன்னல்கள். அழகாக இருப்பதால் கணவன் பூட்டிவிட்டுப் போகும் ரஃபேலா. தந்தையின் அடிக்குத் தப்பிச் சிறு வயதிலேயே மணம் முடித்து, கணவன் வீட்டில் சன்னலைக்கூடப் பார்க்க அனுமதியில்லாமல் அடைபட்டுப்போகும் சாலி. என்னை உலுக்கியவள் அலிசியா. தாயை இழந்தவள். விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு ரொட்டி தட்ட வேண்டும்; பிறகு இரண்டு இரயிலும் ஒரு பேருந்தும் ஏறிப் பல்கலைக்கழகம் போக வேண்டும். இரவில் கண்விழித்துப் படிப்பவளிடம், பெண் காலையில் எழுந்து ரொட்டி தட்ட வேண்டியவள், ஆகவே தூங்கு என்கிறார் தந்தை. அவர் அடிப்பவராகக் காட்டப்படவில்லை. மகள் களைத்துப்போவாள் என்ற கவலைபோலத்தான் அச்சொல் வருகிறது. என் வீட்டுக் கூடத்தில் அன்று நடந்த பேச்சும் அன்பின் குரலில்தான் நடந்தது. ஆணாதிக்கம் எப்போதும் கையை ஓங்கிக்கொண்டு வருவதில்லை என்பதை இங்குதான் கற்றேன்.

சிஸ்னெரோஸ் 1954-இல் சிக்காகோவில் பிறந்தவர். ஆறு சகோதரர்களுக்கு நடுவே ஒரே மகள். தந்தை மெக்சிகோவிலிருந்து வந்து, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் தொழில் செய்தவர். தமக்கு ‘ஏழு ஈஹோஸ்’ என்று தந்தை பிறரிடம் சொல்வாராம். ஸ்பானிய மொழியில் அச்சொல் பிள்ளைகள் என்றும் பொருள்படும். மகன்கள் என்றும் பொருள்படும். அதை ஆங்கிலத்தில் ‘ஏழு மகன்கள்’ என்று சொல்லும்போதெல்லாம் தாம் அழிந்துபோனதாகச் சிஸ்னெரோஸ் உணர்ந்தார். அவர் கல்லூரிக்குப் போகத் தந்தை தடை சொல்லவில்லை. நல்ல மாப்பிள்ளை கிடைப்பான் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கின் நிழலில், யாரும் கேள்வி கேட்காத இலக்கியத்தை மகள் படித்தார்.

குவாதலூப்பே அன்னையைப் பற்றி 1996-இல் வந்த ஒரு தொகுப்பில் அவர் எழுதிய கட்டுரையும் கருதத்தக்கது. பெண்பிள்ளைகளுக்கு மாதாவை எடுத்துக்காட்டாக வைத்தார்களே, பையன்களை இயேசுவைப் போல இருக்கச் சொன்னார்களா என்று அதில் வினவுகிறார். நூலகத்தில் அதைப் படித்தபோது என் அண்ணனை நினைத்துக்கொண்டேன். அவனிடம் யாரும் எந்தப் படத்தையும் காட்டியதில்லை.

படத்தை மீண்டும் வரைந்தவர்கள்

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு இப்பெண்கள் படத்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். பலர் அப்படிச் செய்யவில்லை என்பதே இங்குச் சிறப்பான செய்தி.

அப்படம் வீட்டுக்குள் அடங்கி இருந்த படமும் அன்று. 1810-இல் இதால்கோ என்ற பாதிரியார் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டியபோது குவாதலூப்பே அன்னையின் கொடியையே ஏந்தினார். 1966 மார்ச் 17-ஆம் நாள் கலிபோர்னியாவின் டெலானோ ஊரிலிருந்து திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் நீதி கேட்டு மாநிலத் தலைநகர் சக்ரமெண்டோவை நோக்கி நடந்தனர். 25-ஆம் நாளான உயிர்ப்பு ஞாயிறன்று சென்றடைந்த அந்த ஊர்வலத்திலும் அவருடைய கொடி முன்னே சென்றது. அத்தொழிலாளர் சங்கத்தை 1962-இல் தொடங்கியோருள் ஒருவர் டோலோரஸ் வெர்தா என்ற பெண்மணி. பதினொரு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் ஊராக அலைகிறாள் என்ற பழிச்சொல்லுக்கும் ஆளானவர். மாதாவின் கொடியின்கீழ் நடந்த போராட்டத்தில், மாதாவைப் போல வீட்டில் இருக்கவில்லை என்று ஒரு தாய் பழிக்கப்பட்டார்!

ஓவியர் யோலாண்டா லோபஸ் (1942–2021) 1978-இல் மூன்று ஓவியங்கள் வரைந்தார். முதல் படத்தில் ஓவியரே ஓட்டக் காலணியுடன் நட்சத்திரப் போர்வையைப் பிடித்துக்கொண்டு படச்சட்டத்தை விட்டு வெளியே பாய்ந்து ஓடி வருகிறார். இரண்டாவதில் அவருடைய தாய் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்து அந்தப் போர்வையைத் தைக்கிறார். மூன்றாவதில் பாட்டி ஓய்ந்து, அப்போர்வையின்மேல் அமர்ந்திருக்கிறார். மூவருக்குப் பின்னும் குவாதலூப்பேயின் கதிர்கள். உழைத்துக் களைத்த நம் வீட்டுப் பெண்களே வணக்கத்திற்குரியவர்கள் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அல்மா லோபஸ் என்ற ஓவியர், மலர்களை மட்டுமே ஆடையாக அணிந்து, இடுப்பில் கை வைத்து நேரே பார்க்கும் குவாதலூப்பேயைக் கணினிவழி உருவாக்கினார். 2001-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகர அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பேராயர் உட்படப் பலர் அகற்றக் கோரினர். எதிர்த்தவர்களில் பக்தியுள்ள பெண்களும் இருந்தனர். அவர்களுடைய மனவருத்தத்தை நாம் எள்ளி நகையாடத் தேவையில்லை. எங்கள் வீட்டுப் படத்தை யாரேனும் அப்படி வரைந்தால் பாட்டி அழுவார் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அந்தச் சண்டை ஓர் உண்மையைக் காட்டியது. படம் யாருக்குச் சொந்தம், அதற்கு விளக்கம் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அங்கு வழக்காக இருந்தது.

அமெரிக்க லத்தினோ மக்களுள் தம்மைக் கத்தோலிக்கர் என்போர் 2010-இல் 67 விழுக்காடு. 2022-இல் 43 விழுக்காடு என்கிறது பியூ ஆய்வு மையம். ஆக, கோயிலை விட்டு விலகியோரும் பலர். ஆனால் நான் இங்குக் கூறிய பெண்கள் பலரும் அன்னையின் உருவத்தை விட்டு விலகவில்லை. அவர் பெயரால் பிறர் சொன்ன விளக்கத்திலிருந்துதான் விலகினர். சிஸ்னெரோஸ் படத்திற்குப் பின்னால் தொனான்ட்சினைத் தேடிப் போனார். அன்சால்டுவா மறைந்த முகங்களைத் தேடினார். லோபஸ் தன் தாயை அங்கே உட்கார வைத்தார்.

பாட்டியின் கேள்வி

சிஸ்னெரோஸ் தம் தந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று 1990-இல் வெளிவந்தது. அதன் இறுதியில் ஒரு கிறிஸ்துமஸ் காட்சி வருகிறது. நோயினின்று தேறிவரும் தந்தை படுக்கையில் இருக்கிறார். மகளின் கதை ஒன்று ஸ்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டு அச்சாகியிருக்கிறது. தந்தை முதன்முறையாக மகளின் எழுத்தைப் படிக்கிறார். அது அவர் வளர்ந்த பேட்டையைப் பற்றிய கதை. அந்தப் பேட்டையின் பெயர் தெப்பெயாக்! சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்து முடித்தபின், உறவினர்களுக்குக் கொடுக்க இன்னும் சில படிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். அந்த ஆண்டில் தமக்கு நடந்த நல்லவற்றிலெல்லாம் அதுவே சிறந்தது என்கிறார் மகள்.

கடந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது, செபமாலை முடிந்ததும் பாட்டிக்குக் குவாதலூப்பே கதையைச் சொன்னேன். கற்றாழை நாராடையில் பதிந்த படம், குளிரில் பூத்த மலர், நம்ப மறுத்த ஆயர் எல்லாவற்றையும் சொன்னேன். “மாதா பேசியிருக்காங்க பாட்டி. ஆயர் முடியாதுன்னு சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப ஆளனுப்பிக் கேட்டிருக்காங்க” என்றேன். என் வாதம் வென்றுவிட்டது என்ற நினைப்பு எனக்கு.

பாட்டி சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என்ன பாஷையில பேசுனாங்க?” என்று கேட்டார்.

“அந்த ஊரு சனங்க பேசுற பாஷையிலதான் பாட்டி.”

“அதான, அவங்க பாஷையில பேசுனாத்தான வெளங்கும்” என்று தலையாட்டினார். பின்னர், “அந்தக் குன்றுல தனியாவா நின்னாங்க? தொணைக்கு யாருமில்லையா?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன், அம்மாவும் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. ஏழு மணி நேரப் பேருந்துப் பயணத்திற்கு முன்பும் பாட்டி இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். அன்று அதற்குச் சொல் கிடைக்காமல் படத்தைக் காட்டியிருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. மறுநாள் நான் புறப்படும்போது வாசலில் நின்று என் நெற்றியில் சிலுவை வரைந்தார். “மாதா தொணைக்கு வருவாங்க. போயிட்டு, போன் பண்ணு பாப்பா” என்றார்.

அன்பு வாசகர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஏதோ ஒரு படம் மாட்டப்பட்டிருக்கிறது. அது மாதாவாக இருக்கலாம், அம்மனாக இருக்கலாம், காப்பியத் தலைவியாகவும் இருக்கலாம். அப்படத்தைக் காட்டி ஒரு பெண்ணை அமரச் சொல்லும் முன், படத்திலிருப்பவரின் கதையை ஒருமுறை முழுமையாகக் கேட்போம். அவர் எங்கே பேசினார், யாரிடம் பேசினார், என்ன கேட்டார் என்பதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்வோம்.